முகமூடி யாருக்குச் சொந்தம்? கொங்கு நாட்டிலிருந்து சூப்பர் ஹீரோ படங்களின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கையில்

2019 ஏப்ரல் 26 அன்று வெளியான 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' உலகெங்கும் ஏறத்தாழ 280 கோடி டாலர் வசூலித்தது. அதை எடுத்த மார்வெல் நிறுவனத்தின், 2023 நவம்பரில் வெளியான 'தி மார்வெல்ஸ்' 21 கோடி டாலரை எட்டவில்லை. அப்போது முதல் 'சூப்பர் ஹீரோ சலிப்பு' என்ற சொற்றொடர் சினிமாச் செய்திகளில் அடிக்கடி தலைகாட்டுகிறது. ஆனால் 2024 ஜூலையில் வந்த 'டெட்பூல் அண்ட் வுல்வரின்' 130 கோடி டாலரைத் தாண்டியது. 2025 ஆகஸ்டில் பாலக்காட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த மலையாளப் படமான 'லோகா' 300 கோடி ரூபாய் வசூலைக் கடந்து, தமிழிலும் பேசியது. திருப்பூர் காதர்பேட்டையில் சிறுவர் பனியன் தொங்கும் கடைகளிலோ, சிலந்தி வலை அச்சிட்ட சிவப்புச் சட்டை இன்றும் கண்ணில் படும் இடத்தில்தான் இருக்கிறது. சலித்துவிட்டது என்ற செய்தியையும் இவற்றையும் எப்படிச் சேர்த்துப் புரிந்துகொள்வது?

'சூப்பர் ஹீரோ படம்' என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்களை நாம் அழைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதே குழப்பத்தின் வேர்.

1. கதாபாத்திரம்: சிலந்தி மனிதனோ வௌவால் மனிதனோ, யார் நடித்தாலும் மாறாத உருவம்.
2. படம்: இரண்டரை மணி நேரத்தில் தொடங்கி முடியும் ஒரு கதை.
3. தொடர்வணிகம்: ஒரு படத்தை அடுத்த படத்தோடு கோத்து, முன்னதைப் பார்த்தவர் பின்னதையும் பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயத்தின் மேல் நிற்கும் தொழில் முறை.

2023-ல் அடி வாங்கியது மூன்றாவது. முதலாவதற்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த வேறுபாட்டை விளக்க, அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

உரிமைப் பத்திரம் உள்ள வீரன்

இயல்புக்கு மீறிய ஆற்றல், பிறரைக் காக்கும் கடமை, ஊரறியாத இரட்டை வாழ்க்கை, அதற்கென ஓர் உடை ஆகியவை சூப்பர் ஹீரோவுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் இலக்கணங்கள். இவற்றோடு ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்காவிட்டால் இந்தப் படங்களின் கதை விளங்காது. சூப்பர் ஹீரோவுக்கு ஓர் உரிமையாளர் உண்டு, அந்த உரிமையாளர் ஒரு நிறுவனம்.

ஜெர்ரி சீகல் எழுத, ஜோ ஷஸ்டர் வரைய, சூப்பர்மேன் 1938-ல் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் வெளிவந்தான். அவனுடைய முழு உரிமையையும் அந்த இரு இளைஞர்களும் 130 டாலருக்குப் பதிப்பகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். அன்று முதல் அந்தக் கதாபாத்திரம் எழுதியவரின் பெயரோடு கட்டுண்ட இலக்கியமாக இல்லாமல், கைமாற்றக்கூடிய சொத்தாக வளர்ந்தது. பேட்மேன் 1939-ல் வந்தான். ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் படைத்த ஸ்பைடர்மேன் 1962-ல் வந்தான். முன்னவர்கள் இருவரும் டிசி நிறுவனத்தின் சொத்து, பின்னவன் மார்வெலின் சொத்து.

இதற்கு நேரெதிரான ஏற்பாடு கொங்கு நாட்டிலேயே இருக்கிறது. பொன்னர் சங்கரின் அண்ணன்மார் கதையில் மனித ஆற்றலுக்கு மீறிய வீரம் உண்டு, கொம்பன் என்னும் காட்டுப்பன்றியோடு பெரும்போர் உண்டு, மாண்ட அண்ணன்மாரை எழுப்பிப் பேசவைக்கும் தங்கை தங்காளின் தெய்வ சக்தியும் உண்டு. உடுக்கையடித்துப் பல இரவுகள் பாடப்படும் அந்தக் கதையின் முடிவில், படுகளத்தில் ஆண்கள் அருள் வந்து பிணம்போல் சாய்ந்து கிடப்பார்கள். வரிசையாகக் கிடத்தப்பட்ட அவர்களைத் தண்ணீர் தெளித்து ஒருவர் பின் ஒருவராக எழுப்பும்போது சுற்றி நிற்கும் கூட்டத்தில் விசும்பல் கேட்கும். கதை எல்லோருக்கும் மனப்பாடம். முடிவு தெரிந்தும் ஆண்டுதோறும் கூடுகிறார்கள். 1960-களின் நடுவில் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்த கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக், இந்தக் கதையைப் பாடகர் வாயிலிருந்து பதிவு செய்து, பிற்காலத்தில் 26 பகுதிகள் கொண்ட அசைபடத் தொடராகவும் ஆக்கினார். அவர் யாரிடமும் உரிமை விலைக்கு வாங்க வேண்டியிருக்கவில்லை. உடுக்கை பிடிக்கத் தெரிந்த எவரும் அண்ணன்மாரைப் பாடலாம். ஸ்பைடர்மேனை அவ்வாறு பாட முடியாது. ஆற்றலிலும் கடமையிலும் இரு தரப்புக்கும் அதிக தூரமில்லை, பத்திரத்தில்தான் தூரம்.

அடமானத்தில் எழுந்த பேரரசு

இன்று திரைத்துறையின் உச்சியில் வைத்துப் பேசப்படும் மார்வெல், 1996 டிசம்பரில் திவால் மனு கொடுத்த நிறுவனம். காமிக்ஸ் இதழ்களைச் சேகரிக்கும் மோகம் வடிந்து விற்பனை சரிந்த காலம் அது. அந்த நெருக்கடிக்கு முன்னும் பின்னுமாகத் தன் பெயர்பெற்ற கதாபாத்திரங்களின் படமாக்கும் உரிமையை நிறுவனம் பிறருக்கு விற்றது. ஸ்பைடர்மேன் சோனிக்குப் போனான், எக்ஸ்-மென் கூட்டமும் ஃபென்டாஸ்டிக் ஃபோரும் ஃபாக்ஸ் நிறுவனத்துக்குப் போயின. 2000-ல் எக்ஸ்-மென் படமும் 2002-ல் ஸ்பைடர்மேன் படமும் பெருவெற்றி பெற்றபோது லாபத்தின் பெரும்பகுதி வாங்கியவர்களுக்கே சேர்ந்தது.

2005-ல் மார்வெல் எடுத்த முடிவு, தோட்டத்துப் பத்திரத்தை வங்கியில் வைத்து ஆயிரம் அடிக்குப் போர் போடும் விவசாயியின் முடிவைப் போன்றது. கைவசம் எஞ்சியிருந்த கதாபாத்திரங்களில் பத்தின் திரைப்பட உரிமையை அடமானமாக வைத்து, மெரில் லிஞ்ச் என்ற முதலீட்டு வங்கி வழியாக 52.5 கோடி டாலர் கடன் ஏற்பாடு செய்து, சொந்தமாகப் படமெடுக்க இறங்கியது. தண்ணீர் வராவிட்டால் பத்திரம் போய்விடும். அந்த முயற்சியின் முதல் படம் 2008-ல் வந்த 'அயர்ன் மேன்'. உலகளவில் அது 58 கோடி டாலரைத் தாண்டியது. மறு ஆண்டே டிஸ்னி ஏறத்தாழ 400 கோடி டாலர் விலையில் மார்வெலை வாங்குவதாக அறிவித்தது.

அந்த முதல் படத்தின் பெயர்ப் பட்டியல் ஓடி முடிந்தபின் ஒரு சிறு காட்சி வந்தது. அடுத்து ஒரு கூட்டணி உருவாகப் போகிறது என்று அதில் சாடையாகச் சொல்லப்பட்டது. தொடர்வணிகத்தின் விதை அதுதான். கையில் இருந்தவர்கள் இரண்டாம் வரிசைக் கதாபாத்திரங்கள், தனித்தனியே நிறுத்தினால் எடுபடுவார்களா என்பது ஐயம். ஒருவரோடு ஒருவரைக் கோத்தால் ஒருவரின் ரசிகர் மற்றவருக்கும் வருவார். இல்லாமையிலிருந்து பிறந்த இந்த உத்தியே, 2012-ல் முதல் அவெஞ்சர்ஸ் படம் 150 கோடி டாலர் ஈட்டியபோது, ஹாலிவுட் முழுதும் காப்பியடிக்க முயன்ற சூத்திரமாக மாறியது.

உலகம் முழுதும் எடுபட்டதற்கான காரணங்கள்

1. கணினி வரைகலை. பறப்பதும் வலை வீசித் தாவுவதும் சித்திரத்தில் எளிது, திரையில் அரிது. 1978-ன் சூப்பர்மேன் படத்தில் ஒரு மனிதனைப் பறக்கவைப்பதற்கே தனித் தொழில்நுட்பங்கள் தேவைப்பட்டன. 1990-களின் இறுதிக்குள் இந்தத் தடை பெருமளவு விலகியது. காமிக்ஸ் பக்கங்களில் அரை நூற்றாண்டாகக் குவிந்திருந்த கதைகள் அப்போதுதான் படமாக்கத் தகுந்த சரக்காயின.

2. வட்டு விற்பனையின் வீழ்ச்சி. டிவிடி விற்பனை தேய்ந்தபோது, நடுத்தரச் செலவில் எடுத்த படங்களைக் கரையேற்றிய வருவாய் போனது. கூட்டத்தைத் திரையரங்குக்கே இழுக்கும் பெரிய படம் ஸ்டுடியோக்களுக்குத் தேவைப்பட்டது.

3. அமெரிக்காவுக்கு வெளியே சந்தை. வசன நகைச்சுவை கடல் தாண்டாது, சண்டை தாண்டும். சீனா 2012-ல் வருவாய்ப் பங்கு முறையில் அனுமதிக்கும் வெளிநாட்டுப் படங்களின் எண்ணிக்கையை ஆண்டுக்கு 20-லிருந்து 34 ஆக உயர்த்தியது. அந்த வாசலில் நுழைந்தவற்றில் இவ்வகைப் படங்களே முந்தின.

4. நடிகரைச் சாராத முதலீடு. ஸ்பைடர்மேனாக 2002 முதல் மூன்று நடிகர்கள் மாறிவிட்டார்கள், உருவம் மாறவில்லை. முதலீட்டாளருக்கு இது பெரிய ஆறுதல். நடிகருக்கு வயதாகும், சம்பளம் ஏறும், தேர்தலில்கூட நிற்பார். கதாபாத்திரத்துக்கு இந்தத் தொல்லை எதுவுமில்லை.

நான்காவது காரணம்தான் தமிழ்நாட்டுச் சூழலோடு நேராக மோதுகிறது. அதற்கு முன், இப்படங்கள் இங்கே வந்து சேர்ந்த வழியைப் பார்க்க வேண்டும்.

சிவகாசி வழியாகக் கோவைக்கு

சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-ல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டியது தென்னிந்தியத் திரையரங்கு வரலாற்றின் தொடக்கப் பக்கங்களில் ஒன்று. பேசாப்படக் காலத்தில் தென்னிந்தியா எங்கும் கூட்டம் கூட்டியவற்றில் அமெரிக்கச் சாகசத் தொடர்படங்களும் அடங்கும். அயல்நாட்டு வீரன் நம் ஊர்த் திரையில் சண்டையிடுவது இந்த நூற்றாண்டின் புதுமை அன்று.

அடுத்த தலைமுறைக்கு அதே வேலையைக் காமிக்ஸ் செய்தது. 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளியிட்ட முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் காற்றில் மிதக்கும் அந்த நாயகன் பிரிட்டிஷ் காமிக்ஸிலிருந்து வந்தவன். 1984-ல் தொடங்கிய லயன் காமிக்ஸ், ஸ்பைடர் என்ற மற்றொரு பிரிட்டிஷ் நாயகனைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. இவனுக்கும் அமெரிக்க ஸ்பைடர்மேனுக்கும் உறவில்லை. ஆனால் இவனுடைய கதைகள் பலவற்றை எழுதியவர், 130 டாலருக்குச் சூப்பர்மேனை எழுதிக் கொடுத்த அதே ஜெர்ரி சீகல். தான் படைத்த நாயகன் தன்னுடையதாக இல்லாதபோது வேறு நாட்டுப் பதிப்பகத்துக்குக் கூலிக்கு எழுதிய கதைகள், ஈரோட்டுப் பேருந்து நிலையக் கடையில் தொங்கிய மலிவுத்தாள் இதழ்களாகத் தமிழ்ச் சிறுவர்களின் கைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன என்பது இந்த வரலாற்றின் சுவையான வளைவு.

திரையில் திருப்பம் 2002-ல் நேர்ந்தது. ஸ்பைடர்மேன் படம் ஆங்கிலத்தோடு இந்தி, தமிழ், தெலுங்கிலும் இந்தியாவில் வெளியானது. ஆங்கிலப் படம் என்றால் பெருநகரத்துக் கல்லூரி மாணவருக்கு என்ற எல்லையைத் தமிழ் ஒலி உடைத்தது. பொள்ளாச்சியிலும் கோபிசெட்டிபாளையத்திலும் தாத்தாவோடு பேரன் அமர்ந்து பார்க்கத்தக்க படமாக அது மாறியதற்கு வரைகலையைவிடத் தமிழ் வசனமே காரணம் என்பது என் கணிப்பு.

டப்பிங்: வாயசைவும் குரலும்

மொழிமாற்றம் என்பது வசனத்தைப் பெயர்த்து ஒலிப்பதிவு செய்வதோடு முடிவதில்லை. ஆங்கில வாக்கியத்தில் வினைச்சொல் முன்னால் வந்துவிடும், தமிழில் கடைசியில் வரும். திரையில் நடிகர் 'கொல்வேன்' என்ற சொல்லுக்கு மேசையைத் தட்டுகிறார் என்றால், தமிழ் வாக்கியம் அந்த நொடியில் 'உன்னை' என்ற இடத்தில்தான் நிற்கும். தட்டு ஒரு சொல்லிலும் கோபம் மறு சொல்லிலும் விழுந்தால் பார்ப்பவருக்குச் சிரிப்பு வரும். ஆகவே வசனம் எழுதுபவர் சொல் வரிசையை உடைத்து, 'கொன்னுடுவேன் உன்னை' என்று பேச்சுவழக்கின் துணையோடு தீர்க்கிறார். அடுத்த சிக்கல் உதடு. ப, ம ஆகிய எழுத்துகளுக்கு உதடு மூட வேண்டும். நெருக்கக் காட்சியில் நடிகரின் உதடு மூடும் இடத்தில் தமிழிலும் அவ்வெழுத்து விழுந்தால்தான் பொருந்தும். முகமூடி அணிந்த நாயகர்கள் இந்த வகையில் டப்பிங் எழுத்தாளருக்கு வரப்பிரசாதம், வாயே தெரியாது.

குரலில் ஒரு பாடம் இருக்கிறது. 'எண்ட்கேம்' தமிழ்ப் பதிப்புக்கு ஏ.ஆர்.முருகதாஸ் வசனம் எழுதினார், அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். தமிழ்த் திரையின் முன்னணி நடிகர் பேசினால் படத்துக்கு வலு சேரும் என்பது கணக்கு. ஆனால் முந்தைய படங்களைத் தமிழில் பார்த்துப் பழகிய ரசிகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். அந்தப் பாத்திரத்துக்கென ஒரு தமிழ்க் குரல் அவர்கள் காதில் ஏற்கெனவே குடியேறியிருந்தது, நட்சத்திரத்தின் குரல் அதைக் கலைத்தது. நட்சத்திரமே எல்லாம் என்று கருதப்படும் தமிழ்நாட்டில், கதாபாத்திரம் நட்சத்திரத்தை வென்ற அரிய தருணம் அது.

கோவை ஏரியாக் கணக்கு

தமிழ்நாட்டு விநியோகத் தொழில் மாநிலத்தைப் பல ஏரியாக்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி சேர்ந்தது கோவை ஏரியா. சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி சேர்ந்தது சேலம் ஏரியா. கொங்கு நாடு பெரும்பாலும் இவ்விரண்டுக்குள் அடங்கும்.

பெரிய தமிழ்ப் படத்துக்குத் திரையரங்குகள் முன்பணமோ, எம்ஜி எனப்படும் குறைந்தபட்ச உத்தரவாதத் தொகையோ கட்டுவது உண்டு. படம் படுத்தால் கட்டியவர் தலையில் விழும். ஹாலிவுட் டப்பிங் படங்களோ வசூலில் பங்கு என்ற விகித முறையில் வருகின்றன. ஓடினால் இருவருக்கும் வரவு, ஓடாவிட்டால் திங்கட்கிழமை காட்சியைக் குறைத்துக்கொள்ளலாம். திரையரங்குக்காரர் இப்படங்களை விரும்பியதற்கு இந்தக் கணக்கு ஒரு பெரிய காரணம்.

காலண்டரும் கைகொடுத்தது. அமெரிக்கக் கோடைப் பருவத்தின் தொடக்கமான ஏப்ரல் இறுதியும் மே முதல் வாரமும் தமிழ்நாட்டுப் பள்ளிகளின் ஆண்டு விடுமுறையில் கச்சிதமாக விழும். சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கும் பனியன் கம்பெனித் தொழிலாளிக்கு ஞாயிறு ஒன்றே ஓய்வு. வெயிலில் எங்கும் போக முடியாத அந்த ஞாயிற்றில், ஆபாசக் காட்சிக்கும் ரத்தக் களறிக்கும் அஞ்சாமல் குழந்தைகளோடு மூன்று மணி நேரம் குளிர்சாதனத்தில் அமர ஒரு படம் வேண்டும். அந்த இடத்தைப் பத்தாண்டுகள் இவ்வகைப் படங்கள் நிரப்பின. முன்கதை அறிந்து வந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி.

தமிழ் நாயகனுக்கு முகமூடி ஏன் பொருந்தவில்லை

இரட்டை வாழ்க்கை வாழும் வீரன் கொங்கு நாட்டுத் திரைத்தொழிலுக்குப் புதியவன் அல்லன். நாமக்கல் கவிஞரின் கதையை வைத்துக் கோவைப் பட்சிராஜா ஸ்டுடியோவில் எஸ்.எம்.ஸ்ரீராமுலு நாயுடு இயக்கிய 'மலைக்கள்ளன்' 1954-ல் வெளியானது. செல்வரிடம் பறித்து எளியோருக்குக் கொடுக்கும் கள்ளன், ஊருக்குள் வேறு வேடத்தில் உலவுபவன். எம்.ஜி.ஆரின் திரைவாழ்வை உயர்த்திய அந்தப் படம், குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. அதே இயக்குநரால் இந்தியில் மறுபடி எடுக்கப்பட்டது, வேறு சில மொழிகளிலும் வந்தது.

அது வென்றதையும், 2012-ல் வந்த 'முகமூடி' என்ற தமிழ்ப் படம் வெல்லாததையும் அருகருகே வைத்தால் காரணம் தெளிவாகும்.

1. மலைக்கள்ளனின் வேடம் முகத்தை மறைப்பதற்காகப் போட்டதன்று, ஒரே முகத்தைப் பல கோலங்களில் காட்டுவதற்காகப் போட்டது. பார்வையாளர் யாரைப் பார்க்க வந்தாரோ அவரையே இரண்டு மடங்காகப் பார்த்தார். அமெரிக்க முகமூடி அதற்கு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. நடிகர் மறைந்து உருவம் நிற்கிறது. முகத்துக்காகப் பாலாபிஷேகம் நடக்கும் ஊரில், முகத்தை மூடினால் அபிஷேகம் யாருக்கு?

2. தமிழ்க் கமர்ஷியல் நாயகன் உடை மாற்றாமலே ஐம்பது பேரை அடிக்கிறான். அவனுக்குத் தனியாக ஒரு சக்தியைக் கொடுத்து, அதற்கொரு காரணமும் சொன்னால், முன்பு எல்லையில்லாமல் இருந்தது எல்லைக்குள் வந்துவிடுகிறது. மின்னல் தாக்கியதால்தான் வலிமை வந்தது என்பது ஒருவகையில் நாயகனுக்கு இறக்கம்.

3. தமிழ்த் தயாரிப்பாளர் ஒரு கதாபாத்திரத்தை இருபதாண்டு வளர்த்துக் காப்பதில்லை. தொலைக்காட்சி உரிமை, ஓடிடி உரிமை, டப்பிங் உரிமை என்று படம் படமாக விற்றுக் கடனைத் தீர்ப்பதே தொழிலின் நடைமுறை. அடுத்த படத்தில் அதே நடிகர் இருப்பார், அதே பாத்திரம் இருக்காது.

இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியே வர அண்மைக் காலத்தில் ஒரு வழி திறந்திருக்கிறது. 2023 ஜூனில் வந்த 'வீரன்', கோவையில் வளர்ந்த ஹிப்ஹாப் தமிழா ஆதி நடித்தது. மின்னல் தாக்கிச் சக்தி பெற்ற இளைஞன் தன் முகத்தோடு வெளிப்படாமல், கிராமத்துக் காவல் தெய்வமான வீரனின் கோலத்தில் வந்து ஊரைக் காக்கிறான். அமெரிக்க முகமூடி செய்யும் வேலையை இங்கே குலசாமியின் உரு செய்கிறது. நட்சத்திரம் முகம் மறைப்பதைச் சகிக்காத பார்வையாளர், சாமிக்காக மறைப்பதை ஏற்றுக்கொள்வார். 'லோகா' இதையே பெரிய அளவில் செய்தது. அதன் நாயகிக்கு அடிப்படை கள்ளியங்காட்டு நீலி என்னும் பழங்கதை. யாருக்கும் பத்திரமில்லாத நாட்டார் கதையிலிருந்து, பத்திரம் எழுதக்கூடிய திரைக் கதாபாத்திரம் ஒன்று உருவாக்கப்பட்டிருக்கிறது. இதைத் தமிழ்த் தொழில் கூர்ந்து கவனிக்க வேண்டும். அண்ணன்மார் கதையும் அவ்வாறே ஒருநாள் ஏதோ ஒரு நிறுவனத்தின் தொடராக வரக்கூடும். வந்தால், உடுக்கைப் பாட்டுக்கு அதனால் தடையில்லை. அந்த நிறுவனம் வரைந்த உருவத்துக்கு மட்டுமே உரிமை செல்லும்.

சட்டையில் வாழும் நாயகன்

படம் ஓடாத ஆண்டிலும் சட்டை ஏன் விற்கிறது என்பதற்குத் திருப்பூரே பதில். உரிமம் பெற்ற முறையான ஆர்டர் ஒன்று நடக்கும் விதம் இது.

கதாபாத்திர உரிமையாளர் வெளிநாட்டுத் துணிக்கடை நிறுவனத்துக்கோ பிராண்டுக்கோ உரிமம் தருகிறார். அந்நிறுவனம் ராயல்டி செலுத்துகிறது. அதன் ஆர்டர் திருப்பூர் ஏற்றுமதியாளரிடம் வருகிறது. டிஸ்னி கதாபாத்திரம் என்றால், அதை அச்சிடும் ஆலைக்கு 'ஃபாமா' எனப்படும் முன்னனுமதி வேண்டும். அது இல்லாத பிரிண்டிங் யூனிட்டில் ஒரு துண்டுகூட ஓட்டக் கூடாது. தைப்பதற்கு முன், வெட்டிய மார்புத் துண்டிலேயே அச்சு ஏறுகிறது. சிவப்பு, நீலம், கறுப்பு, வெள்ளை என்றால் நிறத்துக்கு ஒன்றாக நான்கு ஸ்க்ரீன், அதாவது அச்சுச் சட்டங்கள். ஒரு ஸ்க்ரீன் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் முகமூடியின் வெள்ளைக் கண் கறுப்புக் கோட்டுக்கு வெளியே வழிந்துவிடும், அந்தத் துண்டு கழிவுக்குப் போகும். முதல் மாதிரியான 'ஸ்ட்ரைக் ஆஃப்' வெளிநாடு போய், சிவப்பின் சாயல்கூடக் குறிப்பிட்ட எண்ணுக்கு ஒத்திருக்கிறதா என்று பார்க்கப்பட்டு, ஒப்புதல் வந்த பிறகுதான் ஓட்டம் தொடங்கும். அச்சுக் கூலியோ நிறங்களின் எண்ணிக்கையையும் அச்சின் அளவையும் வைத்துப் பேசப்படுகிறது. மார்பில் இருப்பது ஸ்பைடர்மேனா, பெயரில்லாத பூனைக்குட்டியா என்பதால் ஜாப் ஒர்க் ரேட் மாறுவதில்லை. பெயரின் விலை முழுதும் உரிமையாளர் பக்கமே போகிறது.

இதற்கு வெளியே உரிமம் இல்லாமல் அச்சிட்டு உள்நாட்டில் விற்கும் சட்டைகளும் உண்டு. பதிப்புரிமைச் சட்டம் 1957, வணிகச் சின்னச் சட்டம் 1999 ஆகியவற்றின்படி அது குற்றம். ஏற்றுமதியில் மிஞ்சிய உரிமச் சரக்கையும் விருப்பம்போல் சந்தையில் கொட்ட முடியாது. அச்சு இருக்கும்வரை உரிமையாளரின் சொல் இருக்கிறது.

இந்தச் சட்டையைப் போடும் நான்கு வயதுக் குழந்தை பெரும்பாலும் படத்தைப் பார்த்ததில்லை. கைப்பேசியில் பாட்டாகவோ, பொம்மையாகவோ, பக்கத்து வீட்டுப் பையனின் பென்சில் பெட்டியாகவோ அந்த உருவத்தைக் கண்டிருக்கிறது. கதாபாத்திரம் படத்தைச் சாராமல் உயிர்வாழ்வது இப்படித்தான்.

அப்படியானால் சலித்தது எது

2021-ஆம் ஆண்டில் மட்டும் மார்வெல் கதைகள் நான்கு திரைப்படங்களாகவும் ஐந்து ஓடிடி தொடர்களாகவும் வந்தன. 'தி மார்வெல்ஸ்' படத்தின் மூன்று நாயகியரில் ஒருவர் 2019-ல் வந்த திரைப்படத்தில் அறிமுகமானவர். மற்ற இருவர் சக்தி பெற்ற கதையை அறிய 2021-ல் ஒன்றும் 2022-ல் ஒன்றுமாக இரண்டு தொடர்களைச் சந்தா கட்டிப் பார்த்திருக்க வேண்டும். ஏலச்சீட்டில் இரண்டு தவணை தவறியவர் ஏலத்துக்கே வரத் தயங்குவது போல, முன்கதை தவறியவர் திரையரங்குக்கு வரத் தயங்கினார். படத்தைத் தனிப் படமாகப் பார்த்துப் பழகிய உடுமலைப்பேட்டை, தாராபுரம் போன்ற ஊர்களில் இந்தத் தயக்கம் இன்னும் கூடுதலாகவே இருக்கும். அங்கே ஒரு டிக்கெட் என்பது நான்கு பேர் கொண்ட குடும்பத்தின் முடிவு. கணவனுக்கு மட்டும் முன்கதை தெரிந்தால் போதாது.

டிஸ்னியும் இதை ஒப்புக்கொண்டது. ஆண்டுக்கு இரண்டு படங்கள், மிஞ்சினால் மூன்று, தொடர்கள் இரண்டு என்று குறைக்கப்போவதாக அதன் தலைவராக இருந்த பாப் ஐகர் 2024-ல் அறிவித்தார்.

சலிப்புக் காலத்திலும் வென்ற படங்களைப் பார்த்தால் இன்னொன்று தெரியும். 2021-ன் 'ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்' 190 கோடி டாலரைத் தாண்டியது, பழைய ஸ்பைடர்மேன் நடிகர்கள் இருவரும் அதில் மீண்டும் தோன்றியதால். 'டெட்பூல் அண்ட் வுல்வரின்' பழைய வுல்வரின் நடிகர் ஹியூ ஜாக்மேனைத் திரும்ப அழைத்து வந்தது. நடிகர் முக்கியமல்ல, உருவமே முக்கியம் என்று நிறுவிய தொழில், நெருக்கடி வந்ததும் பழகிய முகங்களைத் தேடி ஓடியிருக்கிறது. தமிழ்த் தொழில் உருவத்தைத் தேடிப் போகும் அதே வேளையில் அமெரிக்கத் தொழில் முகத்தைத் தேடி வருகிறது.

அடுத்து நடக்கவிருப்பவை

உரிமையின் பக்கத்தில், அமெரிக்கச் சட்டப்படி 95 ஆண்டுகள் முடிந்து, 1938-ன் சூப்பர்மேன் 2034 ஜனவரி 1 அன்று பொதுச்சொத்தாகிறான். பொதுவுக்கு வருவது அந்த முதல் கதைகளில் உள்ளவன் மட்டுமே. அவனுக்குப் பறக்கத் தெரியாது, ஒரு மைலில் எட்டில் ஒரு பங்கு தூரம் தாவ மட்டுமே தெரியும். பறத்தல் உள்ளிட்ட பிற்காலச் சேர்க்கைகளும் மார்பில் உள்ள சின்னத்தின் வணிக உரிமையும் அன்றும் நிறுவனத்திடமே இருக்கும்.   ஆகவே 2034 பிறந்ததும் திருப்பூரில் யாரும் ஸ்க்ரீன் வெட்டத் தொடங்கிவிட முடியாது.

படங்களின் பக்கத்தில், மார்வெலின் பெரிய பந்தயம் 'அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே'. அயர்ன் மேனாக நடித்து அந்தப் பாத்திரத்தோடு விடைபெற்ற ராபர்ட் டவுனி ஜூனியரே, இம்முறை டாக்டர் டூம் என்ற வில்லனாக முகமூடிக்குப் பின்னால் வருகிறார். முதலில் 2026 மே மாதத்துக்குக் குறிக்கப்பட்டிருந்த படம் 2026 டிசம்பர் 18-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. கோவை ஏரியாவுக்கு இந்த ஏழு மாதத் தள்ளிவைப்பு சிறிய செய்தியன்று. மே என்றால் ஆண்டு விடுமுறை. டிசம்பர் 18 என்றால் பெரும்பாலான பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு முடிந்திருக்காது. முதல் வார வசூலைத் தேர்வு எழுதும் பிள்ளைகள் இல்லாமல்தான் திரையரங்குகள் கணக்குப் போட வேண்டும், கிறிஸ்துமஸ் விடுமுறை வரும்வரை.